வேணும், விசுவாசம்: முத்துக்குளித்துறையின் முழுக்கு

மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று முத்துக்குளித்துறைக் கடற்கரை மணலில் கால் தேய நடந்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார், 1544-ஆம் ஆண்டில் தம் உடனூழியர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். பெரும்பாலும் சின்னச் சின்ன ஓலை போன்ற கடிதங்கள். பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தாமதப்படக் கூடாது, மக்களிடம் பொறுமை வேண்டும், சிறுவர்களுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது நிற்கக் கூடாது என்று ஓயாத வேண்டுகோள்கள். அவற்றுள் ஒரு கடிதத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் திருத்துகிறார். விசுவாச அறிக்கையில் அதுவரை ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக் கொடுத்து வந்தார்கள். அந்த ‘வேணும்’ இருக்கும் இடத்தில் இனி ‘விசுவாசம்’ என்று சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார். முன்னது ஆசைப்படுவது, பின்னது நம்புவது என்று காரணமும் காட்டுகிறார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும்போது ‘வன்பினாலே’ என்ற சொல்லை விடச் சொல்வதும் அதே கடிதம்தான். யாரும் வற்புறுத்தி அவர் துன்பப்படவில்லை, மனமுவந்து பட்டார் என்பது அவர் விளக்கம்.

வடமொழியும் தமிழும் தெரியாமல் நவார் நாட்டிலிருந்து வந்தவர் அவர். உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணி அடித்தபடி தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு வினைச்சொல்லின் நிறம் உறுத்தியிருக்கிறது. இந்தக் கரையில் நடக்கும் ஞானஸ்நானத்தின் அழகு முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதை ஒவ்வொரு துளியாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில் ‘வேணும்’. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரவர்களுக்கு வேண்டியிருந்தது பாதுகாப்பு. முத்து வணிகத்தில் மேலோங்கியிருந்த இஸ்லாமிய வணிகர்களோடு போட்டியும் பகையும் முற்றியிருந்த காலம். ஒரு சச்சரவில் பரவர் ஒருவரின் காது, போட்டிருந்த அணியோடு அறுபட்டது என்றும், அதிலிருந்தே கரை முழுவதும் தீப்பற்றியது என்றும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. குதிரை வணிகரான ஜான் தா குரூஸ் வழிகாட்ட, 1535-இல் பட்டங்கட்டிகள் என்ற பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரைக் கண்டார்கள். அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஊர் ஊராக ஏறத்தாழ 20,000 பேர் பெற்றார்கள்.

தண்ணீர் ஊற்றியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சவேரியார் வந்து, முன்பு நம்பியதைவிட இப்போது கூடுதலாக என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, அவர்களிடம் இருந்த ஒரே விடை, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதுதான். உங்கள் மொழி எங்களுக்குத் தெரியாதே, எதை நம்புவது என்று எப்படித் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சவேரியாரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த வரலாற்றைச் சிலர் குறையாகச் சொல்வார்கள்: அது அரசியல், ஆதாயம், பாதுகாப்புக்கான பேரம் என்று. அதில் உண்மை உண்டு. ஆனால் ஆலயத்து வாசலில் நின்று ஞானஸ்நானச் சடங்கைக் கவனித்துப் பாருங்கள். குருவானவர் பெற்றோரிடம் முதலில் கேட்பது பிள்ளையின் பெயரை. இரண்டாவது கேள்வி, பிள்ளைக்குத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்பது. சடங்கு ‘வேணும்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. நம்பிக்கையை அறிக்கையிடும் கேள்வி அதற்கு நெடுநேரம் கழித்து, தண்ணீர்த் தொட்டியின் அருகே வருகிறது. வேண்டி வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடாமல், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், வழியில் ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்து, தொட்டியருகே வந்ததும் ‘நம்புகிறாயா’ என்று கேட்கும் அமைப்பு அது. 1535-க்கும் 1544-க்கும் நடுவே இந்தக் கரை கடந்து வந்ததும் அதே வழிதான். வாசலில் கேட்டது 1535. தொட்டியருகே பதில் சொன்னது 1544.

சடங்கின் பெயரிலேயே நயம் இருக்கிறது. ‘ஞானஸ்நானம்’ என்பது பழைய சொல், சீர்திருத்த சபைகளில் இன்றும் வாழும் சொல். ஞானம் என்ற முன்னொட்டைத் தமிழ்க் கிறிஸ்தவம் எவ்வளவு ஆசையாகக் கையாண்டிருக்கிறது! ஞானப்பெற்றோர், ஞானோபதேசம், ஞானப்பாட்டு. உடம்பால் வந்த உறவுக்குப் பக்கத்தில் ஆவியால் வந்த உறவு ஒன்றுண்டு என்று காட்ட, அந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. கத்தோலிக்கர்கள் இப்போது ‘திருமுழுக்கு’ என்கிறார்கள். கோயில் தமிழில் அது இறைத் திருமேனியை நீராட்டுவதற்கு வழங்கும் சொல். குடமுழுக்கு என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? கருவறையில் தெய்வத்துக்கு ஆட்டுவதைக் குறித்த சொல்லை எடுத்து, மூன்று மாதக் குழந்தையின் தலையில் ஊற்றும் மூன்று கை நீருக்கு வைத்தார்கள். இறைவன் தங்கும் திருமேனியாக அந்தப் பிஞ்சு உடம்பைப் பார்க்கச் சொல்லும் மொழிபெயர்ப்பு இது. இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதைத் தமிழ் ஒரே கூட்டுச்சொல்லில் சொல்லிவிட்டது.

இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் கூடுகிறது. கிரேக்க மூலச்சொல்லுக்கு அமிழ்த்துதல் என்று பொருள். தூத்துக்குடிக்காரருக்கு அமிழ்வது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘முத்துக் குளித்தல்’ என்று தமிழ் சொல்கிறதே, அந்தக் ‘குளித்தல்’ அழுக்குப் போக்கும் குளியல் இல்லை. கல்லைக் காலில் கோத்து, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கி, கடலடித் திட்டான பாரில் கிடக்கும் சிப்பியைக் கைக்கு எட்டிய மட்டும் வாரி, நெஞ்சு வெடிப்பதற்குள் மேலே வருவது. ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேலே. இறங்கியவர் ஏறுவாரா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு சாவுக்குள் இறங்கி அவரோடு உயிர்த்தெழுவது என்று பவுல் அடியார் உரோமையருக்கு எழுதினார். அதைப் பிற நாட்டவர் உவமையாகப் படித்திருப்பார்கள். தோலாயிரம் பாரில் இறங்கி ஏறிய குளியாளியின் வீட்டார் அதை அன்றாடச் செய்தியாகவே கேட்டிருப்பார்கள். தண்ணீர் கல்லறையாகவும் கருவறையாகவும் இருப்பது அவர்கள் வாழ்க்கை.

குளியாளி தனியாக இறங்குவதில்லை. மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழே இருந்து வரும் ஓர் இழுப்பைக் கையால் உணர்ந்து, கணமும் தவறாமல் தூக்க வேண்டியவர். அந்தக் கயிறு மச்சான் கையில் இருக்கும் என்று கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். தன் உடன்பிறந்தவள் தாலி அறுவதை அவன் பொறுக்க மாட்டான் என்பது அதிலுள்ள கணக்கு. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறு நினைவுக்கு வரும். குழந்தை பேசாது. அதன் சார்பில் பெற்றோரோடு இவர்கள் பதில் சொல்கிறார்கள். தீமையை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு ‘விட்டுவிடுகிறேன்’ என்கிறார்கள். படைத்தவரை, அவர் மகனை, தூய ஆவியை நம்புகிறீர்களா என்ற மூன்று கேள்விக்கும் பழைய வழக்கில் ‘விசுவசிக்கிறேன்’ என்றும் இக்கால வழக்கில் ‘நம்புகிறேன்’ என்றும் விடை. சவேரியார் திருத்திக் கொடுத்த அதே இடம்! விருந்தும் பரிசும் அன்றோடு முடிந்துவிடும். கயிறு கையில் இருப்பது அந்தப் பிள்ளை தானே பதில் சொல்லும் நாள் வரைக்கும்.

இனி ஒவ்வொரு சைகையாகப் பார்ப்போம். வாசலில் குருவானவர் குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைகிறார். பிறகு தாய், தகப்பன், ஞானப்பெற்றோர் என்று ஒவ்வொருவரும் அதே நெற்றியில் வரைகிறார்கள். கடலில் இறங்குமுன் நீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளும் மீனவர் கைக்கு அந்தச் சைகை இங்கேதான் முதலில் பழக்கமாகிறது. நெஞ்சில் ஆயத்த எண்ணெய் பூசுகிறார்கள். பண்டைக் காலத்தில் மல்லுக்கு நிற்பவர் உடம்பில் எண்ணெய் தடவிக் களம் இறங்குவார். வரப்போகும் போராட்டத்துக்கு இது அப்படி ஒரு பூச்சு. நீரூற்றிய பிறகு உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம். அது அரசருக்கும் குருவுக்கும் இறைவாக்கினருக்கும் உரிய அபிடேகம். நெஞ்சில் வீரனின் எண்ணெய், தலையில் அரசனின் எண்ணெய், நடுவே தண்ணீர். அந்த வரிசையே ஒரு கவிதை.

தண்ணீர் மூன்று முறை விழுகிறது. தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று பேரைச் சொல்கிறார்கள். ஆனால் ‘பெயர்களால்’ என்று சொல்வதில்லை, ‘பெயரால்’ என்று ஒருமையில்தான் சொல்கிறார்கள். மூவர் ஒருவர் என்ற கொள்கையைத் தமிழிலக்கணத்தின் ஓர் ஒருமை தாங்கி நிற்கிறது. உலகின் பல ஆலயங்களில் இந்த நீரை மொள்ளுவதற்குச் சிப்பி வடிவக் கிண்ணம் வைத்திருப்பார்கள். வேறு ஊர்களில் அது அலங்காரம். சிப்பியை நம்பி வாழ்ந்த கரையில் அதன் வளைவுக்குத் தனிப் பொருள். சிப்பி வாய்க்குள் விழும் மழைத்துளி முத்தாகும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். குழந்தையின் தலைக்குமேல் சாயும் சிப்பியிலிருந்து துளி இறங்கும்போது, அந்தப் பழைய நம்பிக்கை வேறு வழியில் மெய்யாகிறது. பெரும்பாலும் அந்த நொடியில் பிள்ளை வீரிட்டு அழும். ஆச்சிமார் முகத்தில் சிரிப்பு வரும். பிறந்த அன்று கேட்ட அழுகையை இன்னொரு முறை கேட்ட மகிழ்ச்சி அது.

இப்போது வழக்கில் இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை குழந்தைகளுக்கான சடங்கைப் புதுப்பிக்கும்வரை, வாசலிலேயே குழந்தையின் நாவில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார்கள். ஞானத்தின் உப்பு என்று அதற்குப் பெயர். சுற்றிலும் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு விளையும் தூத்துக்குடியில், வெயிலில் உப்பு வாரிக் கை காய்த்தவர்கள் தங்கள் பிள்ளையின் நாவில் அது வைக்கப்படுவதைப் பார்த்திருப்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த மக்கள். ஆண்டவர் வீட்டு உப்பைத் தின்ற பிள்ளை என்று அவர்கள் மனம் தானாகவே பொருள் கொண்டிருக்கும். சடங்கு எளிமையானது நல்லதுதான். அந்த ஒரு சிட்டிகைக்காக மட்டும் மனம் ஏங்குகிறது.

நீருக்குப் பின் வெள்ளாடை. பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியை ஞானத்தகப்பன் கையில் வாங்கிக்கொள்கிறார். கடைசியாக ஒன்று. குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, திறக்கப்படட்டும் என்று வேண்டுகிறார். காது கேளாத ஒருவருக்கு இயேசு செய்ததை நினைவுகூரும் சைகை இது. அறுபட்ட ஒரு காதிலிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் கரையின் கிறிஸ்தவ வரலாறு, ஒவ்வொரு பிள்ளையிடமும் காதைத் தொட்டு ஆசி கூறுவதில் முடிகிறது. காயத்தில் பிறந்த ‘வேணும்’ இங்கே கேட்கத் தெரிந்த காதாக மாறுகிறது. யாரும் திட்டமிட்டு வைத்த பொருத்தம் இல்லை. ஆனாலும் கண்டுகொண்டபின் மறக்க முடிவதில்லை.

பெயரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ, டி குரூஸ், மோத்தா என்று போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் இன்றும் தூத்துக்குடித் தெருக்களில் மணக்கின்றன. சூசை, சந்தியாகு, மிக்கேல், சவேரி என்று அயல் ஒலியைத் தமிழ் நாக்கு வளைத்துக்கொண்டவை இன்னொரு வகை. மூன்றாம் வகை என் நெஞ்சுக்கு நெருக்கமானது. பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். அதைச் சின்னப்பர் என்றார்கள். யோவான் என்றால் ஆண்டவரின் அருள். அதை அருளப்பர் என்றார்கள். வேர்ப்பொருளைத் தோண்டி எடுத்துத் தமிழ்க் குழந்தையின் தலையில் வைத்தார்கள். பனியே பார்க்காத இந்த ஊரில் பனிமய மாதா காவல்! மரபின்படி 1555-இல் மணிலாவிலிருந்து வந்த அந்தச் சுரூபத்தின் போர்த்துக்கீசியப் பெயர் ‘தஸ்நேவிஸ்’ என்று மக்களின் பெயராகவும் ஆகிவிட்டது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1745 மே 14-இல் திருவிதாங்கூர் அரசுப் பணியாளர் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றபோது, லாசர் என்ற பெயரைப் பொருள் மாறாமல் தேவசகாயம் என்று சூட்டினார்கள். அவர் மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். அந்தப் பெயருக்காக அவர் பட்ட பாடு நாடறியும். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ‘வேணும்’ என்று வந்தவர் ‘விசுவசிக்கிறேன்’ என்று எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று தேவையில்லை. பிற்காலத்தில் அதே வடக்கன்குளத்தின் ஆலயத்திலேயே சாதியைப் பிரித்து ஒரு சுவர் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது. ஒரே தொட்டியில் நனைந்த தலைகளுக்கு நடுவே சுவர் எழுப்பியவர்கள், கேள்விக்குப் பதில் சொன்ன தங்கள் வாயையே மறந்தவர்கள்.

பெயர் எழுத்தாவதும் ஒரு நயம். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்த முறையைச் சவேரியார் 1545 சனவரியில் எழுதினார். செபங்களை அவரவர் மொழியில் சொல்லச் செய்வார். நம்புகிறாயா என்று கேட்பார். அவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துப் பதில் சொல்வார்கள். தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுப்பார். கை ஓய்ந்து போகும் அளவுக்கு நீர் ஊற்றிய நாள்கள் உண்டென்று முன்பே எழுதியிருந்தார். அந்தக் கையே எழுதவும் எழுதியது. கூட்டம் கூட்டமாக நனைந்தார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் தனித்தனியாகப் பெயர் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் எழுத்தறியாத மீனவரின் கையில் தன் பெயர் தாங்கிய ஒரு துண்டு! இன்று பங்கு அலுவலகத்தில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு அதன் தொடர்ச்சி. பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள் எல்லாம் ஒரு வரியில். பல ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைக்குத் திருமணமானால், எந்த ஊரில் நடந்தாலும், செய்தி திரும்பி வந்து அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்படும். ஓர் ஆயுளே அந்த ஓரத்தில் எழுதப்படுகிறது.

சொல்லைத் திருத்தியதோடு இந்தக் கரை நின்றுவிடவில்லை. சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகள் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அந்த அச்சுப் பணிக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த முத்துக்குளித்துறை மக்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை என்று சொன்னவர்கள், ஒரே தலைமுறையில், நம்புவதைத் தங்கள் மொழியில் படிக்கத் தங்கள் காசைக் கொடுத்தார்கள்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா, வயது வந்தபின் தானே கேட்டுப் பெற வேண்டுமா என்று சபைகளுக்குள் நெடுங்கால வழக்கு உண்டு. முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் ‘விசுவசிக்கிறேன்’ என்பதை முதலில் கேட்கின்றன. குழந்தைக்குக் கொடுப்பவர்கள் ‘வேணும்’ என்பதை முதலில் ஏற்றுக்கொள்கிறார்கள். தண்ணீரின் இரு கரையிலும் அதே இரண்டு சொற்கள்தான் நிற்கின்றன.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. முத்துக்காகப் பார்களில் குளியாளிகள் இறங்குவதில்லை. இந்தக் கரையில் இன்னும் தொடரும் முழுக்கு ஆலயத்துத் தொட்டியில் நடப்பது. அடுத்த முறை ஒரு ஞானஸ்நானத்துக்கு அழைப்பு வந்தால், விருந்துக்கு மட்டும் போகாதீர்கள். சற்று முன்னதாகவே போய் வாசலருகே நில்லுங்கள். அங்கே கேட்கும் கேள்வியையும், தொட்டியருகே சொல்லும் பதிலையும் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பதிலை நீங்களும் ஒரு நாள் சொன்னவரென்றால், இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.